ஹாலோவீன் (1978): அந்த நீல இரவு எந்த டிஸ்க்கில் இருக்கிறது?

போன வாரம் டொரோண்டோவிலிருந்து சித்தி மகன் கூப்பிட்டான். "அண்ணா, பழைய ஹாலோவீன் படம் வாங்கலாம்னு பார்த்தா அஞ்சாறு டிஸ்க் காட்டுது. எல்லாத்துலயும் அதே பூசணிக்காய், அதே கத்தி. எதை எடுக்கிறது?" டிசம்பரில் ஊருக்கு வருகிறான். எனக்கும் ஒன்று வாங்கி வரச் சொல்லியிருந்தேன், அதனால்தான் இந்தக் கேள்வி. ஃபோனில் சொல்லி முடிகிற கதையில்லை, எழுதி அனுப்புகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தால் நீண்டுவிட்டது. படத்தின் சில காட்சிகளைச் சொல்லித்தான் ஆக வேண்டும். இதுவரை பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

ஜான் கார்ப்பென்டர் 1978 வசந்தகாலத்தில் இருபதே நாளில் எடுத்த திகில் படம் இது. எழுத்திலும் தயாரிப்பிலும் டெப்ரா ஹில் கூட்டு. பணம் போட்டவர் முஸ்தஃபா அக்காட். மொத்தச் செலவு சுமார் 3,25,000 டாலர். தெரிந்த முகம் என்று ஒருவர் வேண்டுமே என்று டொனால்ட் ப்ளெசன்ஸை ஐந்து நாளைக்கு 20,000 டாலர் கொடுத்து அழைத்து வந்தார்கள். கொலைகாரன் மைக்கேல் மையர்ஸாக முகமூடிக்குள் நின்ற நிக் கேஸிலுக்கு நாள் கூலி 25 டாலர். அந்த முகமூடியே ஸ்டார் ட்ரெக் தொடரின் கேப்டன் கிர்க் முகம்தான். இரண்டு டாலருக்கும் குறைவாக வாங்கி, கண் ஓட்டையைப் பெரிதாக்கி வெள்ளை அடித்தார்கள். அமெரிக்காவில் மட்டும் படம் 4.7 கோடி டாலர் வசூலித்தது. இதெல்லாம் படத்தின் ரசிகர்கள் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு.

டிஸ்க் வாங்குகிறவருக்கு வேண்டிய கணக்கு வேறு. கையில் காசில்லாத இந்தக் கூட்டம் எங்கே கஞ்சத்தனம் பண்ணவில்லை என்று பார்க்க வேண்டும். பானாவிஷன் அகலத்திரையில் எடுத்தார்கள், 2.35:1. நடந்துகொண்டே ஆடாமல் எடுக்க அன்றைக்குப் புதிதாக வந்திருந்த பானாகிளைட் கேமராவை வைத்துக்கொண்டு தொடக்கக் காட்சியை ஒரே மூச்சில் எடுத்ததுபோல் காட்டினார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, டீன் கண்டியை ஒளிப்பதிவாளராகப் போட்டார்கள். ஆக, இந்தப் படத்தில் காசு தெரிகிற இடம் திரையில் தெரியும் காட்சியின் அகலம், வெளிச்சம், நிறம் இந்த மூன்றும்தான். எந்த டிஸ்க்கையும் இந்த மூன்றையும் வைத்துத்தான் எடை போட வேண்டும் என்பேன். உறையில் என்ன ஆண்டுவிழா என்று அச்சடித்திருக்கிறது, கூட எத்தனை நேர்காணல் இருக்கிறது என்பதெல்லாம் அப்புறம்.

நிறம் என்று ஏன் இவ்வளவு அழுத்துகிறேன் என்றால், கதை நடப்பது அக்டோபர் 31-இல், இல்லினாய் மாநிலத்தில் ஹாடன்ஃபீல்ட் என்ற கற்பனை ஊரில். அங்கே அது இலையுதிர்காலம். படம் எடுத்ததோ கலிஃபோர்னியாவில், தெற்கு பாசடீனாவிலும் ஹாலிவுட்டிலும், வசந்தத்தில். மரமெல்லாம் பச்சை. சில ஷாட்களில் தூரத்தில் பனைமர வகைகூட நிற்கும். காகித இலைகளுக்குப் பழுப்பு வண்ணம் பூசித் தெருவில் கொட்டினார்கள். ஷாட் முடிந்ததும் திரும்பக் கூட்டி அள்ளிப் பையில் போட்டு, அடுத்த தெருவில் கொட்டினார்கள். இலை கையில் இருந்த அளவுக்குத்தான் இலையுதிர்காலம். மீதியைச் செய்தது நிறம்: பகலில் லேசாகப் பழுத்த மஞ்சள், இரவில் ஜன்னல் வழியே இறங்கும் நீலம்.

இங்கே ஒரு தொழில்நுட்ப விஷயம் இருக்கிறது, அதுதான் எல்லாக் குழப்பத்துக்கும் வேர். நீல நிலவொளியை ஒளிப்பதிவாளர் கண்டி, விளக்குக்கு முன்னால் நீலத் தாள் வைத்துப் படப்பிடிப்பிலேயே உண்டாக்கினார், அது நெகட்டிவிலேயே பதிந்திருக்கும். பகலின் அந்தப் பழுப்பு வெம்மை அப்படியில்லை. லேபில் பிரிண்ட் போடும்போது நிறத்தைத் திருத்தி வரவழைப்பது அது. நெகட்டிவை ஸ்கேன் செய்து, ஒளிப்பதிவாளரிடம் கேட்காமல் "இயற்கையான" நிறத்துக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும்? கலிஃபோர்னியாவின் பச்சைப் புல் வந்து நிற்கும். ஸ்கேன் எவ்வளவு துல்லியமாக இருக்கிறதோ அவ்வளவு பச்சையாக நிற்கும். 4கே (மிகு துல்லியம்) என்ற எழுத்தைப் பார்த்து ஏமாறாதே என்று தம்பியிடம் சொன்னது இதனால்தான்.

இப்போது டிஸ்க்குகளுக்கு வருவோம். டேப்பைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. எண்பதுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மீடியா ஹோம் என்டர்டெயின்மென்ட் வெளியிட்ட விஎச்எஸ் மூலமாகத்தான் ஒரு தலைமுறையே இந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தது. அந்தக் காலத்து டேப்பில் டிவிக்கு ஏற்ற மாதிரி படத்தின் இரண்டு ஓரத்தையும் வெட்டிவிடுவார்கள். நான் முதலில் பார்த்ததும் அப்படி வெட்டிய பிரதிதான். இங்கே ஒரு வாடகைக் கடையில் எடுத்த விசிடி, இரண்டு தட்டு. பாதிப் படம் இருட்டாகவும், மீதிப் படம் கட்டம் கட்டமாகவும் இருந்தது. "இதுக்கா இவ்ளோ பில்டப்பு?" என்று தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பல வருஷம் கழித்து முழு அகலத்தில் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. கார்ப்பென்டர் பயத்தை வைத்திருப்பது ஓரத்தில். நடுவில் கதாநாயகி லோரியாக நடித்த ஜேமி லீ கர்ட்டிஸ் பேசிக்கொண்டிருப்பார், ஓரத்தில் ஒரு தோள் நிற்கும். ஓரத்தை வெட்டினால் வில்லனையே வெட்டினதுபோல. பழைய டேப்பைச் சேகரிக்கிறவர்கள் சேகரிக்கட்டும். நாம் பார்ப்பதற்கு வாங்குகிறோம்.

1994-இல் கிரைட்டீரியன் நிறுவனம் போட்ட லேசர்டிஸ்க்கில்தான் (டிவிடிக்கு முந்தைய பெரிய தட்டு) கார்ப்பென்டர், ஹில், கர்ட்டிஸ் மூவரின் வர்ணனை, அதாவது படம் ஓட ஓட அவர்கள் பேசும் பேச்சு, முதலில் வந்தது. அது இன்று அருங்காட்சியகப் பொருள். வர்ணனை பிறகு மற்ற டிஸ்க்குகளிலும் வந்துவிட்டது.

1999-இல் ஆங்கர் பே வெளியிட்ட டிவிடியிலிருந்துதான் உண்மையான கதை தொடங்குகிறது. கண்டியே மேற்பார்த்துச் சீர்செய்த பிரதி அது. இரவெல்லாம் ஆழ்ந்த நீலம், பகலெல்லாம் பழுப்பு. இன்றைக்கும் "ஹாலோவீன் என்றால் இந்த நிறம்தான்" என்று சத்தியம் செய்கிற ரசிகர்கள் பெரும்பாலும் இந்த டிவிடியை மனதில் வைத்துக்கொண்டுதான் பேசுகிறார்கள். குறை என்றால், என்ன இருந்தாலும் டிவிடிதான். ஐம்பத்தைந்து அங்குல டிவியில் போட்டால் முகமூடியும் மாவு, சுவரும் மாவு.

2003-இல் படத்துக்கு 25 வயது ஆனதையொட்டி அதே நிறுவனம் புதிய உயர்துல்லிய மாஸ்டரிலிருந்து (டிஸ்க் தயாரிக்க எடுக்கும் மூலப் பிரதி) டிவிடி போட்டது. கூர்மை கூடியது, நிறம் போனது. புல் பச்சையானது, தோல் இளஞ்சிவப்பானது, நீலம் பெருமளவு கழன்றுவிட்டது. அக்டோபர் மாதம் ஜூன் மாதமாகிவிட்டது. 2007-இல் வந்த முதல் ப்ளூ-ரேயும் இதே மாஸ்டரைத்தான் எடுத்துக்கொண்டது. இரண்டாம் கை விற்பனையில் மலிவாகக் கண்ணில் படுவது பெரும்பாலும் இந்த 2007 ப்ளூ-ரேதான். சும்மா கிடைத்தாலொழிய வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லிவிட்டேன். ஒரே ஒரு நியாயம் செய்துவிடுகிறேன்: 2003 டிவிடியில் இருந்த, படம் உருவான கதையைச் சொல்லும் நீண்ட ஆவணப்படம் நல்ல ஆவணப்படம்.

2013-இல் 35-ஆம் ஆண்டு ப்ளூ-ரே. மறுபடியும் கண்டியைக் கூட்டிவந்து புதிதாக மாஸ்டர் போட்டார்கள். இலையுதிர்காலம் திரும்பி வந்தது. 1999 அளவுக்கு நீலம் அடர்த்தியில்லை என்று சிலருக்குக் குறை. எனக்கு அது குறையாகப் படவில்லை. கொஞ்சம் அடக்கி வாசித்த நீலம்தான் இருட்டோடு ஒட்டுகிறது. கார்ப்பென்டரும் கர்ட்டிஸும் சேர்ந்து உட்கார்ந்து பேசிய புது வர்ணனை இதில் உண்டு. 4கே ப்ளேயர் இல்லாதவர் என்றால் யோசிக்காமல் இதை வாங்கலாம். ப்ளூ-ரே மண்டலம் பற்றிய கதை கீழே வருகிறது, அதைப் பார்த்துவிட்டு.

2014-இல் ஆங்கர் பேயும் ஸ்க்ரீம் ஃபேக்டரியும் கைகோத்து மொத்தத் தொடரையும் ஒரே பெட்டியில் போட்டார்கள். பெரிய பெட்டியில் 15 டிஸ்க், சின்னப் பெட்டியில் 10. ஆறாவது படத்தின் "தயாரிப்பாளர் வடிவம்" வேண்டும் என்கிறவர்கள் பெரிய பெட்டியைத் தேடுவார்கள். பத்துப் படத்தையும் உட்கார்ந்து பார்க்கிற பொறுமை உங்களுக்கு இருந்தால் நான் குறுக்கே நிற்கவில்லை. எனக்கு முதல் படம் போதும், மிஞ்சிப்போனால் மைக்கேல் மையர்ஸே இல்லாத மூன்றாவது. இப்போது கைமாறித்தான் கிடைக்கும், விலை விற்கிறவர் மனசு.

மிச்சம் இருப்பவை இரண்டு 4கே டிஸ்க்குகள். 2018-இல் லயன்ஸ்கேட் போட்டது ஒன்று, 2021 அக்டோபரில் ஸ்க்ரீம் ஃபேக்டரி போட்டது ஒன்று. இரண்டிலும் டால்பி விஷன் (இருட்டையும் வெளிச்சத்தையும் கூடுதல் நுணுக்கமாகக் காட்டும் முறை) உண்டு. ஸ்க்ரீம் ஃபேக்டரியினர் மூல நெகட்டிவைப் புதிதாக 4கே-யில் ஸ்கேன் செய்து, டால்பி விஷன் நிறத்தைக் கண்டியிடம் காட்டி ஒப்புதல் வாங்கியிருக்கிறார்கள். அறையைச் சுற்றி வரும் டால்பி அட்மாஸ் ஒலி ஒன்றைப் புதிதாகவும், கூடவே பழைய மோனோ ஒலியையும் வைத்திருக்கிறார்கள். லயன்ஸ்கேட் டிஸ்க் மோசமில்லை. விலை பாதியாக இருந்தால் நானே வாங்கியிருப்பேன். விலை ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்போது 2021-ஐ விட்டுவிட்டு அதை எடுக்க ஒரு காரணமும் தெரியவில்லை.

எந்த டிஸ்க் கையில் வந்தாலும் நான் போட்டுப் பார்க்கிற காட்சிகள் இரண்டு. ஒன்று பகல். லோரி தன் அறை ஜன்னல் வழியே பார்க்கிறாள். கீழே பக்கத்து வீட்டுக் கொடியில் வெள்ளைப் போர்வைகள் காய்கின்றன. நடுவில் அவன் நிற்கிறான். அடுத்த தடவை பார்த்தால் போர்வை மட்டும் ஆடுகிறது. அந்தப் போர்வையின் வெள்ளையையும் கீழே இருக்கும் புல்லையும் பாருங்கள். போர்வை சலவைக்கடையிலிருந்து வந்ததுபோல் பளீரென்றும் புல் கிரிக்கெட் மைதானம் மாதிரியும் இருந்தால் அது தப்பான டிஸ்க். வெள்ளையில் சாயங்கால வெயில் லேசாக ஒட்டியிருக்க வேண்டும்.

இன்னொன்று இரவு. தோழிகளின் பிணங்களைப் பார்த்துவிட்டு மாடி நடையில் சுவரில் சாய்ந்து அழுகிறாள் லோரி. பக்கத்தில் ஒரு வாசல், உள்ளே கும்மிருட்டு. அந்த இருட்டில் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, பிறகு ஏதோ சாம்பல் நிறத்தில் படிகிற மாதிரி இருக்கிறது, அப்புறம் அது முகமாகிவிடுகிறது. கண்டி ஒரு சின்ன விளக்கை டிம்மரில் மாட்டி மெல்ல மெல்ல ஏற்றினார், தந்திரம் அவ்வளவுதான். ஆனால் இது முழுக்க முழுக்க டிஸ்க்கின் கருமையை நம்பி நிற்கிற தந்திரம். இருட்டைத் தூக்கிக் காட்டுகிற மாஸ்டரில் முகமூடி முதலிலேயே தெரிந்துவிடும், பயம் போச்சு. இருட்டை ஒரேயடியாக நசுக்கிவிடுகிற மாஸ்டரில் முகம் படியவே படியாது, திடீரென்று குதிக்கும். இரண்டுமே அந்தக் காட்சி இல்லை. 4கே டிஸ்க்குக்கு நான் காசு கொடுக்கச் சொல்வது இந்தச் சில நொடிக்காகத்தான், கூர்மைக்காக இல்லை. இருட்டுக்குள்ளே எத்தனை படி இருக்கிறது என்பதைச் சாதாரண ப்ளூ-ரேயைவிட இது நன்றாகக் காட்டும். ஆனால் டிவியை விவிட் மோடில் வைத்துக்கொண்டு பார்த்தால் எந்த டிஸ்க்காலும் உங்களைக் காப்பாற்ற முடியாது. முதலில் அதை சினிமா மோடுக்கு மாற்றுங்கள். அசைவை வழவழப்பாக்குகிற அந்த வசதியையும் அணைத்துவிடுங்கள். கிர்க் முகமூடி சீரியல் வில்லன் மாதிரி நடந்து வருவதைப் பார்க்கச் சகிக்காது.

ஒலி பற்றி ஒரே வார்த்தை: மோனோ. கார்ப்பென்டரே மூன்று நாளில் போட்டு முடித்த இசை அது, ஐந்து அடிக்கு ஒரு சுற்று என்று போகிற பியானோ. தாளத்தைத் தனக்கு அப்பா பாங்கோ மேளத்தில் சொல்லிக்கொடுத்தார் என்று அவரே சொல்லியிருக்கிறார். இசை சேர்ப்பதற்கு முன்னால் ஒரு ஸ்டூடியோ அதிகாரிக்குப் படத்தைப் போட்டுக் காட்டியபோது அவருக்குப் பயமே வரவில்லை என்பதும் அவர் சொன்ன கதைதான். ஒரே ஸ்பீக்கரிலிருந்து நேராக நெற்றியில் அடிப்பதற்காகச் செய்த இசையை அறையைச் சுற்றிப் பரப்பினால் அதன் அடி குறைந்துவிடுகிறது. அட்மாஸை ஒருமுறை கேட்டுப் பாருங்கள், அப்புறம் மெனுவில் மோனோவுக்கு மாறிவிடுங்கள்.

டிவி வடிவம் என்று ஒன்றைச் சிலர் கேட்பார்கள். என்பிசி தொலைக்காட்சி 1981 அக்டோபரில் படத்தை ஒளிபரப்பியபோது, வன்முறையை வெட்டியதால் குறைந்த நேரத்தை நிரப்ப, இரண்டாம் பாகத்தின் படப்பிடிப்பிலேயே சேர்த்து எடுத்த சுமார் 12 நிமிடக் காட்சிகள் அதில் வந்தன. ப்ளெசன்ஸ் நடித்த டாக்டர் லூமிஸ் மருத்துவமனைக் குழுவிடம் வாதாடுவார். மைக்கேலின் அறைக் கதவில் "தங்கை" என்று கீறியிருக்கும். லோரியிடம் தோழி சட்டை கடன் கேட்டு வருவாள். கர்ட்டிஸ் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு நிற்பார், மூன்று வருஷத்தில் தலைமுடி மாறிவிட்டதால். ஒருமுறை பார்க்கலாம். அவன் யார், ஏன் வருகிறான் என்று தெரியாமல் இருப்பதுதான் இந்தப் படத்தின் பலமே. அந்தக் கதவுக் கீறல் அதற்கு விடை சொல்ல வந்து காரியத்தைக் கெடுக்கிறது. 2021 தொகுப்பில் இந்த வடிவம் ப்ளூ-ரே தட்டில் இருக்கிறது.

அங்கேதான் மண்டலப் பிரச்சினை வருகிறது, அதாவது ஒரு நாட்டுத் தட்டு இன்னொரு நாட்டு ப்ளேயரில் ஓடாதபடி பூட்டிவைப்பது. இது நமக்கு மிக முக்கியம். 4கே யுஎச்டி டிஸ்க்குக்கு மண்டலப் பூட்டு கிடையாது. அமெரிக்காவில் வாங்கியது சென்னையிலும் ஓடும், யாழ்ப்பாணத்திலும் ஓடும். ப்ளூ-ரே அப்படியில்லை. அமெரிக்கா, கனடா, மலேசியா, சிங்கப்பூர் ஏ மண்டலம். பிரிட்டனும் ஐரோப்பாவும் பி. நாம், அதாவது இந்தியாவும் இலங்கையும், சி. டிவிடி என்றால் அமெரிக்கா, கனடா ஒன்று, நாம் ஐந்து. ஸ்க்ரீம் ஃபேக்டரி ப்ளூ-ரேக்கள் வழக்கமாக ஏ மண்டலத்துக்குப் பூட்டியவை. டொரோண்டோவில் தம்பி வீட்டில் பெட்டியிலிருக்கும் எல்லாத் தட்டும் ஓடும். அதே பெட்டி என் வீட்டுக்கு வந்தால் 4கே தட்டு ஓடும், டிவி வடிவம் இருக்கிற ப்ளூ-ரே "இந்த மண்டலத்தில் இயக்க முடியாது" என்று முறைக்கும். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன், வேறொரு படத்தில். உறவினர் ஒருவர் பாசமாக வாங்கி வந்த ப்ளூ-ரே இன்னும் பிரிக்காத மாதிரியே அலமாரியில் இருக்கிறது.

அதனால் நம்மூரில் இருக்கிறவருக்கு விசித்திரமான முடிவு ஒன்று கிடைக்கிறது. விலை அதிகமான 4கே டிஸ்க்தான் நமக்குத் தலைவலி குறைந்த டிஸ்க். 2013 ப்ளூ-ரேயை ஆசைப்பட்டு வெளிநாட்டிலிருந்து வரவழைக்கிறதானால், முதலில் உங்கள் ப்ளேயர் எல்லா மண்டலத்தையும் ஏற்குமா என்று பாருங்கள். ப்ளேயராக பிஎஸ்5 வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். டிஸ்க் போடும் வசதியுள்ள பிஎஸ்5 4கே டிஸ்க்கை ஓட்டும், ஆனால் டால்பி விஷன் கிடையாது, எச்டிஆர்10 என்ற அடிப்படை முறையில்தான் காட்டும். அதிலும் நன்றாகத்தான் இருக்கும், வாசல் காட்சி கெடாது. டால்பி விஷனுக்காகவே தனி ப்ளேயர் வாங்கக் கிளம்பாதீர்கள்.

ஸ்ட்ரீமிங்கில் பார்த்தால் போதாதா என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. ஆனால் நீங்கள் பார்ப்பது 2007-இன் பச்சைப் புல்லா, கண்டி ஒப்புக்கொண்ட நிறமா என்று எந்தத் தளமும் எழுதிப் போடுவதில்லை. கொடியில் காயும் போர்வையைப் பார்த்து நீங்களேதான் கண்டுபிடிக்க வேண்டும். அதோடு இருட்டுக் காட்சிகளில் இணைய வேகம் குறைந்தால் கருமை கட்டம் கட்டமாக உடையும். எனக்கு அந்தப் பழைய விசிடி ஞாபகம் வந்துவிடும்.

தம்பிக்கு அனுப்பிய பதில் இவ்வளவு நீளமில்லை. "உன்கிட்ட 4கே ப்ளேயர் இருக்கு, 2021 எடு. எனக்கும் அதே. 2007 மட்டும் எவ்வளவு மலிவா இருந்தாலும் தொடாதே" என்று மட்டும் போட்டேன். அவன் ஒரு கட்டைவிரலை உயர்த்தி அனுப்பினான். ஐந்து நிமிஷம் கழித்து இன்னொரு செய்தி: பழைய கடையொன்றில் 1999 டிவிடி இருக்கிறதாம், எடுக்கட்டுமா என்று. அதுவும் மண்டலம் ஒன்றுதான், என் ப்ளேயரில் ஓடாது. தெரிந்தும் எடு என்றுதான் சொன்னேன்.